களிமண் நிலமென்றால் பயமில்லையா?

வணக்கம். பூச்சிமருந்தும் களைக்கொல்லியும் களிமண்ணில் ஒட்டிக்கொள்ளும், நிலத்தடி நீருக்குப் போகாது என்கிறார்கள். அப்படியென்றால் களிமண் நிலத்தில் எதைத் தெளித்தாலும் பயமில்லையா?
– ர.

அன்புள்ள ர.,

பயப்படத்தான் வேண்டும். மண்ணில் எது பிடிக்கும், எவ்வளவு இறுக்கிப் பிடிக்கும் என்பதெல்லாம் மருந்துக்கு மருந்து மாறும்.

டி.டி.டி. என்ற பூச்சிமருந்து தண்ணீரில் கரைய மறுக்கிற பொருள். ஈரமண்ணில் களிமண்ணின் மேற்பரப்பைத் தண்ணீர் முந்திக்கொண்டு பிடித்துவிடுவதால் அதற்கு அங்கே அதிகம் இடமில்லை. அது போய்ச் சேருவது மட்கில்தான், எண்ணெயில் கொழுப்பு கரைகிற மாதிரி உள்ளே கரைந்துவிடும். மண்ணில் ஒன்றிரண்டு சதவீதமே மட்கு இருந்தாலும் பெரும்பாலான வேலையை அதுதான் செய்கிறது.

பாராக்வாட் என்ற களைக்கொல்லி நேர்மாறு. அதற்கு நேர்மின்னூட்டம், களிமண் தகடுகளுக்கு எதிர்மின்னூட்டம். மூலக்கூறு தட்டையாக இருப்பதால் மான்ட்மோரில்லோனைட் என்ற களிமண் வகையின் தகடுகளின் இடுக்கில் நுழைந்து படிந்துகொள்ளும், அப்புறம் அதை வெளியே எடுக்க ஆய்வகத்தில் மண்ணையே கந்தக அமிலத்தில் மணிக்கணக்கில் கொதிக்கவைக்க வேண்டியிருக்கிறது. கிளைபோசேட் என்ற களைக்கொல்லி ஒட்டுவது மண்ணிலுள்ள இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளில். ஆனால் பாஸ்பேட்டும் அதே இடத்துக்குத்தான் போட்டி போடும் என்பதால், பாஸ்பேட் உரம் நிறைய இட்ட மண்ணில் பிடிமானம் தளரக்கூடும்.

2,4-டி என்ற களைக்கொல்லியிடம்தான் உங்கள் நம்பிக்கை செல்லாது. சாதாரண மண்ணில் அது எதிர்மின்னூட்டத்தோடு இருக்கும், களிமண் அதை விலக்கித் தள்ளும், தண்ணீரோடு இறங்கிவிடும். மேல்மண்ணில் நுண்ணுயிர்கள் பெரும்பாலும் சில வாரங்களில் சிதைத்துவிடும் என்பது உண்மை, ஆனால் தெளித்த கையோடு கனமழை பிடித்தால் அதற்கு நேரம் கிடைக்காது.

இன்னொன்று, இதைத்தான் பலர் கவனிப்பதில்லை: ஒட்டிக்கொண்டது அழிந்துவிடவில்லை. நாளாக நாளாக மருந்து மண்துகளின் நுண்துளைகளுக்குள் ஊறிப்போகும். மண்புழுவுக்குக் குறைவாகக் கிடைக்கும், சரி, ஆனால் சிதைக்க வேண்டிய நுண்ணுயிருக்கும் எட்டாது. டி.டி.டி. பல பத்தாண்டுகள் கழித்தும் மண்ணில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த மேல்மண்ணை மழை அரித்துக்கொண்டு போனால் மருந்தும் கூடவே குளத்துக்குப் போகும்.

அதனால் மண் பரிசோதனை அறிக்கையில் கரிமக் கார்பன் (மட்கின் அளவைக் காட்டுவது) எத்தனை சதவீதம், அமிலத்தன்மை எவ்வளவு என்று பாருங்கள். மருந்தின் தகவல் தாளில் கரிமக் கார்பன் ஒட்டுதிறன் எண் (Koc, மருந்து மட்கில் எவ்வளவு ஒட்டும் என்பதைச் சொல்வது) இருக்கிறதா என்றும் தேடுங்கள். அது நூறுக்கும் கீழே என்றால் மழை வரும் சமயத்தில் தெளிக்காதீர்கள்.