செட்டிநாட்டுக்கு ரயிலில்: வாசகர் கேள்வி-பதில்

கானாடுகாத்தான் போக எந்த ஸ்டேஷனில் இறங்குவது?

ஊருக்குப் பக்கம் செட்டிநாடு ஸ்டேஷன்தான். ஆனால் பெரும்பாலான எக்ஸ்பிரஸ்கள் அங்கே நிற்பதில்லை. திருச்சியிலிருந்து பாசஞ்சரில் வருபவர்களுக்குத் தோதுப்படும். சென்னைக்காரர்கள் காரைக்குடி ஜங்ஷனுக்கே டிக்கெட் எடுங்கள். பல்லவன் எக்ஸ்பிரஸ் பிற்பகலில் எழும்பூரில் கிளம்பி இரவில் காரைக்குடி வந்து சேரும். ராமேஸ்வரம் வண்டிகள் நடுராத்திரி வாக்கில் இறக்கிவிடும். எதில் வந்தாலும் அறைக்கு முன்பே சொல்லிவையுங்கள்.

சென்னை–ராமேஸ்வரம் டிக்கெட் இருக்கிறது. காரைக்குடியில் இறங்கிச் சுற்றிவிட்டு, மறுநாள் அதே டிக்கெட்டில் போகலாமா?

முடியாது. வழியில் இறங்கித் தங்க வேண்டுமானால் டிக்கெட் 500 கிலோமீட்டருக்கு மேற்பட்டதாக இருக்க வேண்டும், இறங்குமுன் 500 கிலோமீட்டர் கடந்திருக்கவும் வேண்டும். காரைக்குடி ஏறத்தாழ 430-லேயே வந்துவிடுகிறது. இரண்டு டிக்கெட்டாக எடுங்கள். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும்.

செட்டியார்களின் பழைய பெரிய வீடுகளுக்குள் விடுவார்களா?

கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டும் வீடுகள் சில உண்டு. ஆத்தங்குடியில் ‘பெரிய வீடு’ என்று சொல்லப்படும் வீடு அப்படித்தான். மற்றவை பங்காளிகள் பலருக்குப் பாத்தியப்பட்டவை. கல்யாணம், படைப்பு (முன்னோர் வழிபாடு) என்றால்தான் திறப்பார்கள். கதவு திறந்திருக்கிறது என்பதற்காக நுழைந்துவிடாதீர்கள், காவலரிடம் கேளுங்கள். உள்ளே போனால் முகப்பில் நின்று நேரே பாருங்கள்: வளவு (நடு முற்றம்), இரண்டாங்கட்டு (அதற்கடுத்த பகுதி) எனக் கதவுகள் ஒரே கோட்டில் பின்தெரு வரை போகும். சுண்ணாம்புப் பூச்சில் கை வைக்காதீர்கள். வியர்வைக் கறை போகாது.

ஆத்தங்குடிக் கல் (தரையில் பதிக்கும் பூ வேலைக் கல்) வாங்கி ரயிலில் கொண்டுவரலாமா? பளபளப்பு நிற்குமா?

பட்டறையில் பத்து நிமிடம் நின்று பார்த்தால் இரண்டாவது கேள்விக்கு விடை கிடைத்துவிடும். கண்ணாடியின் மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் நிறம் கலந்த சிமெண்டை ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கியதும் மேலே உலர்ந்த மணல்-சிமெண்டைத் தூவி, பிறகு ஈரக் கலவையை அப்பி மட்டம் செய்கிறார்கள். சூளையே கிடையாது, தண்ணீரில் ஊறித்தான் இறுகுகிறது. கண்ணாடியை எடுக்கும்போது அதன் வழவழப்பு கல்லில் அப்படியே இறங்கியிருக்கும். ஆசிட் ஊற்றிக் கழுவினால் அந்த மேல்தோல் அரித்துவிடும், அதுதான் வழக்கமாக நடக்கும் கேடு. ஈரத்துணியால் துடைத்து, எப்போதாவது தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்தால் போதும்.

மாதிரிக்கு நாலைந்து கல் என்றால் பையில் வரும். முகத்துக்கு முகம் சேர்த்து நெட்டுக்குத்தாக அடுக்குங்கள். படுக்கப் போட்டால் ஓரம் தெறிக்கும். தரை முழுவதற்கும் வேண்டுமானால் லாரிதான்.

திருமயம் சேர்க்கலாமா?

கட்டாயம். காரைக்குடி–புதுக்கோட்டைப் பாதையில் அதற்கே ஸ்டேஷன் இருக்கிறது. மலையடிவாரக் குடைவரைக் கோயில்கள் நண்பகலில் நடை சாத்திவிடும். காலையில் அவற்றை முடித்து, பாறை சுடுமுன் 1687-இல் ராமநாதபுரம் மன்னர் சேதுபதி கட்டிய கோட்டையில் ஏறிவிடுங்கள்.

வேட்டங்குடிச் சரணாலயப் பறவைகளைப் பார்க்க எப்போது வரலாம்?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை, மழை நன்றாகப் பெய்த ஆண்டில். கண்மாய் நிரம்பாவிட்டால் பறவை தங்காது. வனத்துறையிடம் விசாரித்துவிட்டு ரிசர்வ் செய்யுங்கள். ரயில் காரைக்குடி வரைதான். அங்கிருந்து பிள்ளையார்பட்டி வழியாகத் சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூருக்கு பஸ், பிறகு மதுரை சாலையில் ஆட்டோ. பறவைகள் மிரளக்கூடாதென்று தீபாவளிக்கும் வெடி போடாத ஊர், சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி. கரையில் செல்போனில் பாட்டு வைக்காதீர்கள்.