மியூனிக் போகும் மகளை எந்த வகுப்பில் சேர்ப்பது?

கேள்வி: கணவருக்கு மியூனிக்கில் வேலை கிடைத்திருக்கிறது. ஆகஸ்டில் குடும்பத்தோடு போகிறோம். மகளுக்கு ஜூலையில் 8 வயது முடிகிறது. கோவையில் சிபிஎஸ்இ பள்ளியில் இப்போது 4ஆம் வகுப்பு. ஜெர்மன் தெரியாது. அங்கே 10 வயதிலேயே பிள்ளைகளை வெவ்வேறு வகைப் பள்ளிகளுக்குப் பிரித்துவிடுவார்கள், அதில் தவறினால் டாக்டருக்குப் படிக்க முடியாது என்று பயமுறுத்துகிறார்கள். பேசாமல் இன்டர்நேஷனல் பள்ளியில் சேர்த்துவிடலாமா?

பதில்: அங்கே போனதும் "இவள் 4ஆம் வகுப்புப் பிள்ளை" என்று வாதாடாதீர்கள். 3ஆம் வகுப்பில் சேர்த்துக்கொள்ளும்படி நீங்களே கேளுங்கள். மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தில் பொதுவாக 6 வயதில்தான் 1ஆம் வகுப்பு. 8 வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் 3ஆம் வகுப்பில்தான் இருப்பார்கள். ஆகவே ஒரு வருடம் வீணாகிறது என்ற கவலையே வேண்டாம். தன் வயதுப் பிள்ளைகளோடுதான் உட்காரப் போகிறாள்.

நான் இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. தொடக்கப்பள்ளியான குருண்ட்ஷூலே 4ஆம் வகுப்போடு முடிகிறது. அந்த வகுப்பில் மே மாதத் தொடக்கத்தில் ஒரு சான்றிதழ் தருவார்கள். அடுத்து எந்த வகைப் பள்ளி என்பதை அதுதான் சொல்லும். செப்டம்பரில் நேராக 4ஆம் வகுப்பில் சேர்ந்தால் ஜெர்மன் கற்க 8 மாதம்தான் கிடைக்கும். 3இல் சேர்ந்தால் 20 மாதம். அந்த வயதுக் குழந்தைக்கு இந்த இடைவெளி மிகப் பெரியது.

உங்களைப் பயமுறுத்தியவர்கள் எந்த மாநிலத்தைப் பற்றிப் பேசினார்கள் என்றும் பாருங்கள். ஜெர்மனியில் பள்ளிக்கல்வி மத்திய அரசின் கையில் இல்லை. 16 மாநிலங்களும் தங்கள் பள்ளிகளைத் தாங்களே நடத்துகின்றன. பெர்லினில் தொடக்கப்பள்ளி 6 வருடம். நார்ட்ரைன் வெஸ்ட்ஃபாலன் மாநிலத்தில் ஆசிரியர் பரிந்துரைப்பார், முடிவு பெற்றோருடையது. பவேரியாதான் கறார். அதனால் நார்ட்ரைன் வெஸ்ட்ஃபாலனில் உள்ள டுசல்டார்ஃபில் உறவினர் யாராவது இருந்தால், அவர் அனுபவம் உங்களுக்கு அப்படியே பொருந்தாது.

பவேரியாவின் கணக்கு இதுதான். கிரேடு 1 என்றால் மிக நன்று, 6 என்றால் மிக மோசம். ஜெர்மன், கணிதம், சுற்றுப்புறமும் சமூகமும் பற்றிய பொதுப்பாடம் ஆகிய 3 பாடங்களின் சராசரியைப் பார்ப்பார்கள். 2.33 வரை இருந்தால் கிம்னாசியம். 13ஆம் வகுப்பு வரை படித்து, பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் அபிட்டூர் தேர்வை எழுதலாம். 2.66 வரை, 10ஆம் வகுப்போடு முடியும் ரியால்ஷூலே. அதற்கும் மேலே போனால், தொழிற்பயிற்சிக்குத் தயார்ப்படுத்தும் மிட்டல்ஷூலே. ஜெர்மனில் 3, மற்ற இரண்டிலும் 2 வாங்கினால் சராசரி சரியாக 2.33. ஆக, ஜெர்மனில் கொஞ்சம் பின்தங்கினாலும் கணிதம் கைகொடுக்கும்.

இன்னொரு சலுகை உண்டு, பல பெற்றோருக்கு இது தெரிவதில்லை. ஜெர்மன் தாய்மொழியாக இல்லாமல், 1ஆம் வகுப்பிலிருந்தே ஜெர்மன் பள்ளியில் படிக்காத பிள்ளைக்கு, சராசரி 3.33 வரை இருந்தாலும் தகுதி கொடுக்கலாம். குறை மொழியால் வந்தது, அது சரியாகிவிடும் என்று பள்ளி கருத வேண்டும், அவ்வளவுதான். உங்கள் மகளுக்கு இது பொருந்தும். 4ஆம் வகுப்பு தொடங்கும்போதே கிளாஸ் டீச்சரிடம் இதைப் பேசிவிடுங்கள்.

சரி, அப்படியும் கிடைக்கவில்லை என்றால்? கிம்னாசியத்தில் 3 நாள் சோதனை வகுப்பு வைப்பார்கள், அதில் தேறலாம். 5ஆம் வகுப்பு முடிவில் நல்ல கிரேடு வாங்கியும் மாறலாம். அதுவும் இல்லையென்றால் ரியால்ஷூலேயில் 10ஆம் வகுப்பு முடித்து, எஃப்ஓஎஸ் என்ற மேல்நிலைப் பள்ளிக்குப் போகலாம். அங்கே 13ஆம் வகுப்பை முடித்து, இரண்டாவது அந்நிய மொழியும் படித்திருந்தால், எந்தப் படிப்புக்கும் விண்ணப்பிக்கும் தகுதி வந்துவிடும், மருத்துவம் உட்பட. மருத்துவத்துக்குப் போட்டி கடுமை, மதிப்பெண் மிக உயர்வாக வேண்டும் என்பது உண்மை. ஆனால் அந்த வழி 10 வயதில் மூடப்படுவதில்லை.

10 வயதில் பிள்ளைகளைப் பிரிப்பது எனக்கும் உடன்பாடில்லை. வீட்டில் ஜெர்மன் பேசாத பிள்ளைகள்தான் அதில் அதிகம் அடிபடுகிறார்கள். அதனால்தான் முதல் வருடத்தை மொழிக்கே கொடுக்கச் சொல்கிறேன். கணிதத்துக்கு டியூஷன் தேடாதீர்கள். பள்ளியின் ஜெர்மன் ஆதரவு வகுப்பு, மதியப் பராமரிப்பு, தெருவில் உள்ள விளையாட்டுக் கிளப் ஆகியவற்றில் சேருங்கள். தொடக்கப்பள்ளி மதியத்தோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு யாரோடு விளையாடுகிறாளோ அவர்களிடமிருந்துதான் மொழி ஒட்டிக்கொள்ளும். வீட்டில் தமிழே பேசுங்கள்.

இன்டர்நேஷனல் பள்ளியைப் பொறுத்தவரை, கணவரின் ஒப்பந்தம் 2, 3 வருடம்தான், அப்புறம் ஊர் திரும்புவோம் என்றால் யோசிக்கலாம். தங்கிவிடும் எண்ணம் இருந்தால் வேண்டாம் என்பேன். கட்டணம் வருடத்துக்கு 20,000 யூரோவைத் தாண்டக்கூடும், அரசுப் பள்ளியில் கட்டணமே இல்லை. தவிர, இன்டர்நேஷனல் பள்ளிகளில் படித்து வாங்கும் ஐபி என்ற பள்ளி இறுதிச் சான்றிதழோடு ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் சேர, குறிப்பிட்ட பாடங்களைக் குறிப்பிட்ட நிலையில் எடுத்திருக்க வேண்டும்.

வீடு பார்க்கும்போது பள்ளியையும் பாருங்கள். அரசுத் தொடக்கப்பள்ளி முகவரியை வைத்துத்தான் ஒதுக்கப்படுகிறது. விடுமுறைக்கு ஒரு வாரம் முன்பே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் பறக்கவும் முடியாது, அபராதம் உண்டு. கோடை விடுமுறை ஆகஸ்டிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை, பயணத்தை அதற்குள் வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். தட்டம்மை ஊசி 2 தவணையும் தேதியோடு பதிவாகியிருக்க வேண்டும். 2020 மார்ச் முதல் ஜெர்மன் பள்ளிகளில் அந்தச் சான்று கட்டாயம். பதிவு விட்டுப்போயிருந்தால் கோவையிலேயே மருத்துவரிடம் கேட்டுச் சரிசெய்துகொள்ளுங்கள்.