பயிற்சி முகாம்களுக்குப் போய் வந்தும் வகுப்பறையில் எதுவும் மாறவில்லை. ஆசிரியர்கள் பள்ளிக்குள்ளேயே தொடர்ந்து கற்றுக்கொள்ள என்ன வழி?

முகாமில் கருத்தாளர் ஒரே நாளில் பத்து உத்திகளைச் சொல்லிவிட்டுப் போகிறார். கேட்கும்போது எல்லாமே சரியாகத்தான் படும். மறுநாள் வகுப்புக்குள் காலடி வைத்ததும் வாயும் கையும் பழைய தடத்துக்கே போய்விடும். ஏனென்றால் வகுப்பு நடத்துவதில் பெரும்பகுதி பழக்கம். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு நிமிடத்துக்கு நிமிடம் யோசித்துச் செய்ய யாராலும் முடியாது. பழக்கம் மாற வேண்டுமென்றால் ஒரே ஒரு விஷயத்தை எடுத்து, ஆறு முதல் எட்டு வாரம் அதையே செய்து, நடுநடுவே வேறு ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆகவே முகாம் எத்தனை என்று எண்ணுவதை விடுங்கள். இரண்டு முகாம்களுக்கு நடுவில் உள்ள வாரங்களில்தான் வேலை இருக்கிறது.

எடுக்கும் விஷயம் எவ்வளவு சிறிதோ அவ்வளவு நல்லது. "செயல்வழிக் கற்றலைக் கொண்டுவருவது" என்று எழுதிக்கொண்டால் எங்கே தொடங்குவதென்றே தெரியாது. "கேள்வி கேட்ட பிறகு மூன்று நொடி சும்மா இருப்பது" என்றால் நாளைக்கே தொடங்கலாம். 1970-களில் மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்பறை ஒலிப்பதிவுகளைக் கேட்டுக் கணக்கெடுத்தார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் காத்திருந்தது சராசரியாக ஒரு நொடி அளவுதான். அதை மூன்று நொடிக்குக் கொண்டுபோனபோது பதில்கள் நீண்டன, பதிலே வராமல் போவது குறைந்தது, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள்.

இதைப் பழக ஒரு போன் போதும். மேசைமேல் வைத்து 15 நிமிடம் ஒலிப்பதிவு செய்யுங்கள். மாலையில் கேட்டு, பத்துக் கேள்விகளுக்கு எத்தனை நொடி விட்டீர்கள் என்று குறியுங்கள். முதல் வாரம் அளப்பதோடு சரி, எதையும் மாற்ற வேண்டாம். இரண்டாம் வாரத்திலிருந்து கேள்வி, பிறகு மனதுக்குள் மூன்று எண்ணிக்கை, அதன் பிறகே பிள்ளையின் பெயர். பெயரை முதலில் சொல்லிவிட்டால் மற்ற எல்லாரும் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

பெரும்பாலும் கெடுவது அந்த மௌனத்தில்தான். மூன்று நொடி முப்பது நொடி மாதிரித் தோன்றும். தாங்க முடியாமல் ஆசிரியர் அதே கேள்வியை வேறு வார்த்தையில் கேட்பார், பாதி யோசித்த பிள்ளை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பதில் வந்ததும் சட்டென்று "வெரி குட்" சொல்வதும் அப்படித்தான், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். பதிலுக்குப் பிறகும் ஒரு மூன்று நொடி விட்டுப் பாருங்கள், இன்னொரு பிள்ளை தானாக அதில் ஏதாவது சேர்க்கும். ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டுவிட்டு மூன்று நொடி நிற்பதில் மட்டும் அர்த்தமில்லை. யோசிக்க வேண்டிய கேள்விக்குத்தான் காத்திருப்பு.

இரண்டாவது மூன்றாவது வாரத்தில் வகுப்பு முன்பைவிட மோசமாகப் போவது போலிருக்கும். பழைய பழக்கம் விட்டுப்போய், புதியது இன்னும் கைவராத நேரம் அது. பலர் கைவிடுவது இங்கேதான்.

அதனால்தான் தனியாகச் செய்யாமல் நாலைந்து பேராகச் சேரச் சொல்வது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 45 நிமிடம் போதும். போன முறை சொன்னதை யார் செய்தார், என்ன ஆனது என்று முதல் 15 நிமிடம். அடுத்து, ஒருவர் தன் வகுப்பிலிருந்து ஆறு நோட்டுகள் கொண்டுவரட்டும்: நன்றாகச் செய்பவர், நடுத்தரம், தடுமாறுபவர் என இரண்டிரண்டு. மதிப்பெண்ணை விட்டுவிட்டு, பிள்ளை எப்படி யோசித்து இந்த விடைக்கு வந்தது என்று மட்டும் பேசுங்கள்.

ஒரு உதாரணம். 0.4, 0.35, 0.125 இவற்றில் பெரியது எது? 0.125 என்று எழுதிய பிள்ளை, புள்ளிக்குப் பின்னால் உள்ளதை 4, 35, 125 என்று முழு எண்களாகப் படித்திருக்கிறது. இது எல்லாரும் கண்டுபிடிப்பதுதான். 0.4 என்று சரியாக எழுதியவர்களிலும் சிலர், "இலக்கம் குறைந்தால் எண் பெரிது" என்ற தவறான விதியால் அங்கே வந்திருக்கலாம் என்பது ஒற்றை ஆளாகத் திருத்தும்போது கண்ணில் படாது. அவர்களிடம் 0.3, 0.65 இரண்டில் எது பெரியது என்று கேளுங்கள், 0.3 என்பார்கள். முதல் கேள்வி ஒரு கூட்டத்தைப் பிடிக்கிறது, இரண்டாவது இன்னொரு கூட்டத்தை. இரண்டையும் சேர்த்துக் கேட்டால்தான் யாருக்கு என்ன புரியவில்லை என்று தெரியும். இப்படி ஒரு கேள்வி ஜோடியைக் கண்டுபிடிக்கும் அரைமணி நேரம், என் கணக்கில், ஒரு நாள் முகாமைவிட அதிக மதிப்புள்ளது.

கூட்டம் முடியும் முன் ஒவ்வொருவரும் ஒரு அட்டையில் எழுத வேண்டும்: எந்த வகுப்பு, எந்தப் பாடவேளை, என்ன செய்யப்போகிறேன். அட்டை இல்லாத கூட்டம் மூன்றாவது தடவையிலேயே டீ குடிக்கும் கூட்டமாகிவிடும்.

சக ஆசிரியர் வகுப்பைப் பார்ப்பதற்கு முழுப் பாடவேளை தேவையில்லை, 15 நிமிடம் போதும். கடைசி வரிசையில் உட்கார்ந்தால் பின்மண்டைகள்தான் தெரியும். பிள்ளைகளின் முகமும் நோட்டும் தெரிகிற மாதிரிப் பக்கவாட்டில் உட்காருங்கள். "வகுப்பு அருமை" என்ற குறிப்பு யாருக்கும் உதவாது. "நாலாவது கேள்விக்கு ஒரு நொடி, பதில் சொன்னது அதே மூன்று பேர்" என்றால் உதவும். அன்றைக்கே பத்து நிமிடம் பேசிவிட வேண்டும், அதுவும் ஒரே விஷயத்தை. அந்தக் குறிப்புத் தாள் வகுப்பெடுத்தவரிடமே போய்விட வேண்டும். அது தலைமையாசிரியர் மேசைக்கோ ஆண்டு மதிப்பீட்டுக்கோ ஒருமுறை போய்விட்டால், அதற்குப் பிறகு எல்லாரும் ஒத்திகை பார்த்த பாடத்தைத்தான் காட்டுவார்கள்.

இதையே விரிவாகச் செய்யும் முறை ஜப்பானில் நூறாண்டுக்கும் மேலாக இருக்கிறது, ஜுக்யோ கென்க்யூ என்பார்கள், பாட ஆய்வு என்று பொருள். பல வாரம் கூடி ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிட்டு, ஒருவர் நடத்த மற்றவர்கள் பிள்ளைகளைக் கவனித்து, பிறகு உட்கார்ந்து பேசுவது. பாடம் எல்லாருடையதும் என்பதால் நடத்தியவர் மேல் பழி விழாது. பருவத்துக்கு ஒன்று செய்தாலே அதிகம்.

நேரம் ஒதுக்க நிர்வாகம் மறுத்தால் இரண்டு பேராகத் தொடங்குங்கள். ஒருவருக்கு வகுப்பு இருக்கும்போது மற்றவருக்கு ஓய்வுப் பாடவேளை வருகிற இடத்தைக் கால அட்டவணையில் தேடிப்பிடியுங்கள், வாரத்துக்கு ஒன்றாவது இருக்கும். அதுவும் அமையாவிட்டால் 15 நிமிட ஒலிப்பதிவை மாற்றிக்கொண்டு கேட்கலாம். பிள்ளைகளின் குரல் அதில் இருப்பதால் கேட்டு முடித்ததும் அழித்துவிடுங்கள், வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம்.