‘கூறப்படுகிறது’ என்று சேர்த்துவிட்டால் தப்பிக்கலாமா?

கேள்வி: ஐயா, பெங்களூர் அல்சூரில் தமிழில் ஒரு யூடியூப் சேனல் நடத்துகிறேன். வார்டு செய்தி, தண்ணீர்ப் பிரச்சினை, கோயில் திருவிழா என்று போடுவேன். கூடவே ஒரு வாட்ஸ்அப் குழுவும் இருக்கிறது. இந்த மாநகராட்சித் தேர்தலில் எங்கள் வார்டில் நிற்கும் ஒருவருக்கு வேறொரு குடும்பம் இருக்கிறது என்று பேச்சு. அவர் குரல் என்று சொல்லி 47 நொடி ஆடியோ ஒன்று சுற்றுகிறது. எதிரணி ஆள் ஒருவர் அதையே பென்டிரைவில் போட்டு வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு சேனல்கள் கேள்விக்குறி போட்டு வெளியிட்டுவிட்டன. ‘என்று கூறப்படுகிறது’ சேர்த்து நானும் போடலாமா? போடாமல் இருந்தால் ‘காசு வாங்கிட்டான்’ என்கிறார்கள். (பெயர் வேண்டாம், அல்சூர்)

தம்பி, இப்போது கையில் இருப்பதை மட்டும் வைத்துப் போட வேண்டாம். அதற்காக உங்களிடம் செய்தியே இல்லை என்று நான் சொல்லவில்லை. நீங்கள் கவனிக்காமல் தாண்டிப் போன செய்தி ஒன்று இதில் இருக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் அந்தக் ‘கூறப்படுகிறது’. எங்கள் காலத்தில் ‘நம்பத்தகுந்த வட்டாரங்கள்’ என்று எழுதுவோம், நீங்கள் இப்படி எழுதுகிறீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அவதூறு வழக்கில் இந்த வார்த்தை யாரையும் காப்பாற்றியதை நான் பார்த்ததில்லை. ‘நானாகச் சொல்லவில்லை, அடுத்தவர் சொன்னதைத்தான் சொன்னேன்’ என்பது அங்கே பதிலே ஆகாது. எடுத்துச் சொன்னவரும் சொன்னவர்தான். எஸ்.வி.சேகர் வழக்கு உங்களுக்கு நினைவிருக்கும். பெண் பத்திரிகையாளர்களைப் பற்றி வேறு யாரோ எழுதியதை 2018இல் அவர் முகநூலில் பகிர்ந்தார். சரியாகப் படிக்காமல் பகிர்ந்துவிட்டேன், நீக்கியும் விட்டேன், மன்னிப்பும் கேட்டேன் என்றார். 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்ய மறுத்தது, உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை.

இன்னொரு தப்பான நம்பிக்கையும் உண்டு: ‘உண்மையாக இருந்தால் பயமில்லை’ என்பது. சிவில் வழக்கில் உண்மை நல்ல தற்காப்பு, ஆனால் அதை நிரூபிக்க வேண்டியது நீங்கள். கிரிமினல் வழக்கில் அதுவும் போதாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில், சொன்னது உண்மையாகவும் இருக்க வேண்டும், அதை வெளியிட்டது பொது நன்மைக்காகவும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை. இதோடு 175ஆம் பிரிவு ஒன்று இருக்கிறது. தேர்தல் முடிவைப் பாதிக்கும் நோக்கத்தில் வேட்பாளரின் தனிப்பட்ட நடத்தை பற்றிப் பொய்யான தகவலை வெளியிட்டால் அபராதம். அபராதம்தானே என்று அலட்சியம் வேண்டாம். அந்தப் பிரிவில் ‘பொய் என்று தெரிந்தே’ என்று மட்டும் இல்லை, ‘உண்மை என்று நம்பாமல்’ என்றும் இருக்கிறது. உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: அந்த ஆடியோவை நீங்கள் நம்புகிறீர்களா? நம்பியிருந்தால் ‘கூறப்படுகிறது’ என்று எழுதத் தோன்றியிருக்காதே! (மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(4) என்று யாராவது உங்களிடம் அடித்துப் பேசினால், அது மக்களவை, சட்டமன்றத் தேர்தலுக்கானது. வார்டு தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம், அதற்குச் சட்டம் வேறு.)

அப்படியானால் வாயே திறக்கக் கூடாதா? அப்படியும் இல்லை. பத்திரிகைக்காரனுக்கு இந்த நாட்டில் கிடைத்த நல்ல தீர்ப்புகளில் ஒன்று நம் பக்கத்து வழக்கில் வந்ததுதான். ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை நக்கீரன் வெளியிடப் போனபோது அதிகாரிகள் தடுக்கப் பார்த்தார்கள். 1994இல் உச்ச நீதிமன்றம் முன்கூட்டியே தடுக்க முடியாது என்றது. பொது ஊழியரின் பொறுப்போடு தொடர்புடைய செயலைப் பற்றி எழுதும்போது, நியாயமான அளவு சரிபார்த்துவிட்டு எழுதியிருந்தால் பிற்பாடு சில விவரம் தவறாகப் போனாலும் பாதுகாப்பு உண்டு என்றும் சொன்னது. இரண்டு சொற்களைப் பிடித்துக்கொள்ளுங்கள்: ‘பொறுப்போடு தொடர்புடைய’, ‘சரிபார்த்து’. குடும்பம், திருமணம் போன்ற அந்தரங்கத்தை ஒருவரின் அனுமதி இல்லாமல் எழுதக் கூடாது என்று சொன்னதும் அதே தீர்ப்புதான்.

எனவே ‘இன்னொரு குடும்பம் உண்டா’ என்பது உங்கள் கேள்வி அல்ல. அந்த வீட்டு வாடகை மாநகராட்சிப் பணத்தில் போகிறதா, அந்தக் குடும்பத்தார் பெயரில் சாக்கடை கான்ட்ராக்ட் எடுக்கப்பட்டிருக்கிறதா, வேட்புமனுவோடு கொடுத்த பிரமாணப் பத்திரத்தில் சொத்தையோ வழக்கையோ மறைத்திருக்கிறாரா என்பவைதான் உங்கள் கேள்விகள். இவற்றுக்குக் காகிதம் இருக்கும். தேர்தல் அலுவலரிடம் போய்ப் பிரமாணப் பத்திரத்தைப் படியுங்கள். காகிதம் கிடைத்தால் ஆடியோவே தேவையில்லை. கிடைக்கவில்லை என்றால் இது ஒரு மனிதரின் வீட்டு விவகாரம், அதை விட்டுவிடுங்கள்.

சரி, அந்தக் கேள்விக்குறிக்கு வருவோம். உங்கள் போட்டி சேனல்காரர்கள் புத்திசாலித்தனம் என்று நினைத்துச் செய்ததில் இதுதான் மோசமானது. டேனியல் வெக்னர் என்ற உளவியலாளரும் அவர் கூட்டாளிகளும் 1981இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். வேட்பாளர்களைப் பற்றிச் சில தலைப்புகளைப் படிக்கக் கொடுத்தார்கள். ‘இவருக்கு அந்த மோசடியில் தொடர்பு’ என்பதுபோல் அடித்துச் சொல்வது ஒன்று, ‘தொடர்பு உண்டா?’ என்று கேட்பது ஒன்று, ‘தொடர்பில்லை’ என்பது இன்னொன்று. கேள்வியாகப் படித்தவர்கள் மனதிலும் அந்த வேட்பாளர் கிட்டத்தட்ட அடித்துச் சொன்ன அளவுக்கே இறங்கிப் போனார். ‘தொடர்பில்லை’ என்ற தலைப்புகூட ஓரளவு கறையை விட்டுவிட்டுத்தான் போனது.

இதை ஆய்வகத்துக்கு வெளியேயும் பார்த்திருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் தென் கரோலினா உட்கட்சித் தேர்தலில் ஜான் மெக்கெய்ன் நின்றபோது, அவருக்கு முறைகேடான உறவில் கறுப்பினக் குழந்தை ஒன்று உண்டு என்று கிசுகிசு கிளப்பினார்கள். கருத்துக்கணிப்பு என்ற பெயரில் வாக்காளர்களுக்குப் போன் போட்டு, ‘அப்படி ஒரு குழந்தை இருப்பது தெரிந்தால் அவருக்கு ஓட்டுப் போடுவீர்களா?’ என்று கேட்டதாகவும் அப்போது பேசப்பட்டது. உண்மையில் அது அவரும் மனைவியும் வங்கதேசத்து அனாதை இல்லத்திலிருந்து தத்தெடுத்து வளர்த்த பெண். அங்கே அவர் தோற்றார். அந்த வேலையைச் செய்தது யார் என்று கடைசிவரை நிரூபணம் ஆகவில்லை.

மறுப்புச் செய்தி பற்றி நான் சொந்தமாகப் பட்டது ஒன்று. தொண்ணூறுகளில் இங்கே ஒரு தமிழ் நாளிதழில் செய்தி மேசையில் வேலை பார்த்தேன். ஒரு வேட்பாளரைப் பற்றி ஊரில் பேச்சு. நாங்கள் அதைப் போடவில்லை, பெருமையாக இருந்தோம். நாலாம் நாள் அவரே கூட்டத்தில் மறுத்தார். ‘மறுப்புதானே, அவருக்கு நல்லதுதானே’ என்று மூன்று பத்திச் செய்தியாக நானே தலைப்பு வைத்தேன். தேர்தல் முடிந்து, தோற்ற பிறகு, அவர் அலுவலகத்துக்கு வந்தார். சத்தம் போடவில்லை. ‘நான் மறுத்ததைப் போட்டீங்க, சரி. எதை மறுத்தேன்னு ஊருக்கெல்லாம் சொன்னது யாருங்க?’ என்றார். அந்தப் பேச்சு கடைசியில் பொய்யென்று தெரிந்தது. அந்தத் தலைப்பு இன்றும் எனக்கு எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது.

எனவே உங்கள் வேட்பாளர் நாளைக்கே பிரஸ் மீட் வைத்து மறுத்தால், அவர் வாயிலிருந்து வந்துவிட்டது என்பதற்காக எதையும் போடலாம் என்று ஆகிவிடாது. வார்டு முழுக்க ஏற்கெனவே பேசுகிற விஷயம், மௌனமாக இருந்தால்தான் தவறு என்றால் போடுங்கள். முதல் வரி நமக்கு உறுதியாகத் தெரிந்ததாக இருக்கட்டும்: ‘யார் பதிவு செய்தது என்றே தெரியாத ஆடியோ ஒன்று வார்டில் பரப்பப்படுகிறது, அதற்கு இதுவரை யாரும் ஆதாரம் தரவில்லை.’ அந்தப் பெண் யார், ஆடியோவில் என்ன பேச்சு என்பதெல்லாம் வேண்டாம். தம்ப்நெய்லில் அவர் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டுவிட்டு உள்ளே பத்து நிமிடம் நடுநிலையாகப் பேசினால், பாதிப் பேர் வட்டத்தோடு போய்விடுவார்கள்.

இனி நீங்கள் தாண்டிப் போன செய்தி. அந்தப் பென்டிரைவ் உங்கள் வீட்டுக்கு நடந்து வரவில்லையே! எதிரணி ஆள் வந்தார், முகம் தெரிந்தவர், தேதி தெரியும். ஆடியோவில் உள்ளது உண்மையா என்று உங்களுக்குத் தெரியாது. அவர் வந்தார், கொடுத்தார் என்பது மட்டும் நூற்றுக்கு நூறு தெரியும். இந்த வார்டில் அதே பென்டிரைவ் இன்னும் எத்தனை வீட்டுக்குப் போனது, யார் அனுப்பினார்கள், ஏன் வாக்குப்பதிவு நெருங்கும்போது? அவர்கள் கட்சி வேட்பாளரிடம் இதைக் கேமரா முன் கேட்டீர்களா? ‘நெருப்பில்லாமல் புகையுமா’ என்பார்கள். கல்யாண மண்டபங்களில் மணமக்கள் உள்ளே வரும்போது நெருப்பே இல்லாமல் புகை விடுகிறார்கள், வாடகைக்குக் கிடைக்கிறது. அதை யார் வாடகைக்கு எடுத்தார்கள் என்று சொல்வதும் செய்திதான்.

பிரான்சில் 2017 அதிபர் தேர்தலில் கடைசி நேரத்தில் மக்ரோன் தரப்பு மின்னஞ்சல்கள் கொத்தாகக் கசிந்தன. பிரசாரம் ஓய வேண்டிய வெள்ளிக்கிழமை நள்ளிரவுக்குச் சற்று முன்பு. கசிவு நடந்தது, அது தேர்தலைக் குலைக்கும் நோக்கத்தில் வந்தது என்பதை லெ மோந்த் நாளிதழ் எழுதியது. உள்ளே இருந்ததை மட்டும், சரிபார்க்காமல் வாக்குப்பதிவுக்கு முன் போட மாட்டோம் என்று வாசகர்களிடம் சொல்லிவிட்டது.

இவ்வளவு சொல்லிவிட்டு நம் கர்நாடகத்து ஹாசன் தொகுதியைப் பற்றிச் சொல்லாமல் போனால் நான் நேர்மையற்றவன். 2024 ஏப்ரல் 26 வாக்குப்பதிவுக்குச் சில நாள் முன்பு அங்கே வேட்பாளர் சம்பந்தப்பட்ட வீடியோக்களோடு பென்டிரைவ்கள் ஊர் முழுக்கப் பரவின. அது வெறும் கிசுகிசுவாக முடியவில்லை. 2025 ஆகஸ்டில் பெங்களூர் சிறப்பு நீதிமன்றம் அந்த வேட்பாளர் பிரஜ்வல் ரேவண்ணாவுக்கு ஒரு பாலியல் வன்கொடுமை வழக்கில் ஆயுள் தண்டனை விதித்தது. அதாவது ‘தேர்தல் நேரத்து வதந்தி’ என்று கண்ணை மூடித் தள்ளுவதும் தப்பு. ஆனால் அந்த வீடியோக்கள் முகம் மறைக்காமல் கைமாறியதில் சந்தியில் நின்றது பெண்கள்தான். உங்கள் விஷயத்தில் வற்புறுத்தல், மிரட்டல் என்று ஏதாவது தென்பட்டால் கதையே வேறு. அப்போதும் ஆடியோவை ஒலிபரப்பாதீர்கள். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டுவது தனிக் குற்றம், அதே சன்ஹிதாவின் 72ஆம் பிரிவு, இரண்டு ஆண்டு வரை சிறை. பாதிக்கப்பட்டவர் பேச வந்தால் அவரிடம் பேசுங்கள்; கொண்டுவந்து கொடுப்பவரிடம் அல்ல.

நடைமுறையில், இன்றைக்கே ஆடியோ கொடுத்தவரிடம் முழுப் பதிவையும் கேளுங்கள். 47 நொடி என்றால் யாரோ வெட்டியிருக்கிறார்கள். பதிவு செய்த போன் யாருடையது, அவர் எழுதிக் கையெழுத்துப் போடுவாரா என்று கேளுங்கள். பெரும்பாலும் இந்தக் கட்டத்திலேயே ஆள் காணாமல் போய்விடுவார். குரலைக் காதால் கேட்டு ‘அவரேதான்’ என்று சொல்கிற காலம் போய்விட்டது. சில நொடி மாதிரி இருந்தால் யார் குரலையும் செய்துவிடுகிற செயலிகள் கையிலேயே இருக்கின்றன. அப்புறம் வேட்பாளரிடம் எழுத்தில் கேளுங்கள், பதில் சொல்ல ஒரு முழு நாளாவது கொடுங்கள். வீடியோ போடுவதற்குப் பத்து நிமிடம் முன் ஒரு மிஸ்டு கால் கொடுத்துவிட்டு ‘அவர் பதிலளிக்கவில்லை’ என்பது அயோக்கியத்தனம். கேட்டதையும் வந்த பதிலையும் பத்திரப்படுத்துங்கள்.

நீதிமன்றத் தடை வந்துவிடுமோ என்ற பயமும் இருக்கும். 2019 மக்களவைத் தேர்தலில் பெங்களூர் தெற்கு வேட்பாளர் ஒருவர் இங்குள்ள சிவில் நீதிமன்றத்தில் 49 ஊடகங்களுக்குத் தடை வாங்கினார், சில வாரத்தில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை நீக்கியது. (என்ன குற்றச்சாட்டு என்று நான் எழுதவில்லை, கவனித்தீர்களா?) விசாரணைக்கு முன்பே கட்டுரையைத் தடுப்பது அரிதாகவே இருக்க வேண்டும் என்று 2024 மார்ச்சில் புளூம்பெர்க் செய்தி நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. ஆனாலும் தடை வந்தால் முதலில் கீழ்ப்படியுங்கள், அப்புறம் வக்கீலைப் பாருங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் வேறொருவர் அதைப் போட்டுவிட்டால் அட்மின் என்பதற்காக மட்டும் உங்களைக் குற்றவாளியாக்க முடியாது. 2021இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. இருந்தும் நீக்குங்கள். 2012 ஆகஸ்டில் வெறும் குறுஞ்செய்தி வதந்திகளை நம்பி வடகிழக்கு மக்கள் ஆயிரக்கணக்கில் சிட்டி ஸ்டேஷனில் ரயில் ஏறியதை இந்த ஊர் பார்த்திருக்கிறது.

‘காசு வாங்கிட்டான்’ என்பவர்களுக்கு ஒரு நிமிட வீடியோ போதும். ஆடியோ வந்தது, முழுப் பதிவு கேட்டோம், தரவில்லை, வேட்பாளரிடமும் கேட்டிருக்கிறோம் என்று சொல்லுங்கள். அதற்கு வியூஸ் வராது. எனக்குத் தெரியும்.

அந்தப் பென்டிரைவைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள், கணினியிலும் செருகாதீர்கள். ஒரு கவரில் போட்டு, கொண்டுவந்தவர் பெயர், தேதி, நேரம், கூட யார் இருந்தார்கள் என்பதைக் கவர் மேல் எழுதி ஒட்டி வையுங்கள். நாளைக்கு அவர் ‘நான் கொடுக்கவே இல்லை’ என்பார்.