கிணற்றில் எத்தனை அடி தண்ணீர்? இன்றே அளந்து எழுதுங்கள்

கேள்வி: பழங்குடி ஊர் ஒன்றில் வேலை செய்கிறேன். நிலக்கரிச் சுரங்கத்தை விரிவாக்கப்போகிறார்கள். புதிய குழி 2 கிலோமீட்டர் தள்ளித்தான் வருகிறது, கிணறுகளுக்கு ஒன்றும் ஆகாது என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: தூரத்தை மட்டும் வைத்து அப்படி உறுதி சொல்ல முடியாது. திறந்தவெளிச் சுரங்கம் நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே இறங்கிவிட்டால், குழியில் ஊறும் நீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இறைக்க இறைக்கச் சுற்றுவட்டார நீர்மட்டமும் குழியை நோக்கிச் சரியும். எவ்வளவு தூரத்துக்கு என்பது பாறையின் வெடிப்புகளைப் பொறுத்தது. குத்தகை எல்லைக்கல்லை அது மதிக்காது. பெரும்பாலும் முதலில் வற்றுவது ஊற்றுகளும் ஆழம் குறைந்த கிணறுகளும்தான்.

அதனால் வேலை தொடங்கும் முன்பே அளக்க ஆரம்பியுங்கள். கிணற்றுச் சுவரில் பெயிண்டால் ஒரு குறி. அங்கிருந்து தண்ணீர் வரை டேப்பை இறக்கி, வாரம் ஒருமுறை தேதியோடு எழுதுங்கள். பெய்த மழையையும் குறியுங்கள். இல்லாவிட்டால் "மழை பொய்த்தது, கிணறு வற்றியது" என்று கதை முடிந்துவிடும். குழியிலிருந்து வெகுதூரத்தில் உள்ள ஒரு கிணற்றையும் சேர்த்து அளந்தால் ஒப்பிடலாம். எந்த ஊற்று கோடையிலும் வற்றாது என்பது ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். அதுவும் நோட்டில் ஏறட்டும்.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள பிளாக் மேசாவில், நவாஹோ, ஹோப்பி பழங்குடி மக்களின் நிலத்தடி நீரை இறைத்து, நிலக்கரித் தூளைக் குழம்பாக்கிச் சுமார் 440 கி.மீ. தூர மின்நிலையத்துக்குக் குழாயில் அனுப்பினார்கள். 2005 வரை அது நடந்தது. அங்கே நீர்மட்டத்தை இன்றும் 1965க்கு முந்தைய, அதாவது பெரிய அளவில் இறைக்கத் தொடங்காத காலத்து அளவுகளோடுதான் ஒப்பிடுகிறார்கள். பழைய எண்கள் இருந்ததால் அது முடிகிறது.

அப்புறம் தண்ணீரின் தரம். நிலக்கரியோடு வரும் பைரைட்டில் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) காற்றும் நீரும் பட்டால் கந்தக அமிலம் உண்டாகும். ஓடைக் கற்களில் துருநிறம் படியும். ஆனால் நிறம் மாறும்வரை காத்திருக்காதீர்கள். சுண்ணாம்புப் பாறை இருக்கும் இடத்தில் அது அமிலத்தை முறித்துவிடுவதால் பிஎச் (அமிலத்தன்மையின் அளவு) சரியாகவே காட்டும், அந்த அமிலத்திலிருந்து வரும் சல்பேட் மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். ஆய்வகத்தில் சல்பேட், இரும்பு, மாங்கனீசு, மின்கடத்துத்திறன் (நீரில் கரைந்த உப்புகளைக் காட்டும் அளவு) நான்கையும் சேர்த்துக் கேளுங்கள்.

சம்மதம் கேட்டு வந்தால் அவசரப்பட வேண்டாம். பழங்குடிகளின் உரிமை குறித்த ஐ.நா. பிரகடனம் (2007) முன்கூட்டிய, விவரமறிந்த சம்மதம் பெறுவதைப் பற்றிப் பேசுகிறது. தினமும் எவ்வளவு நீர் இறைக்கப்படும், அது எந்த ஓடையில் விடப்படும், கிணறு வற்றினால் யார் எத்தனை வருடம் தண்ணீர் தருவார்கள் என்பதை முதலில் எழுத்தில் வாங்குங்கள். சுரங்கம் மூடியபின் நீர்மட்டம் மீளப் பல பத்தாண்டுகள் ஆகலாம். அந்த "எத்தனை வருடம்" அதையும் தாங்க வேண்டும்.