இசை ஃபிரட்டர்னிட்டி: யாரை அழைக்கிறார்கள், எதற்காகக் கௌரவிக்கிறார்கள்?

அமெரிக்காவில் பிள்ளைகளைப் பாண்டு, ஆர்க்கெஸ்ட்ரா என்று அனுப்பும் நம்மவர்களிடமிருந்து கிரேக்க எழுத்துகளைப் பெயராக வைத்திருக்கும் ஃபிரட்டர்னிட்டிகள், அதாவது ஆள் பார்த்து உறுப்பினராகச் சேர்க்கும் சகோதரச் சங்கங்கள் பற்றி நிறையக் கேள்விகள் வந்தன. நான் டெக்சாஸில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிளாரினெட் சொல்லித் தருகிறேன். மு ஃபை எப்சிலான் என்ற இசை ஃபிரட்டர்னிட்டியின் உறுப்பினர். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (ஃபிரிஸ்கோவிலிருந்து ஒரு அம்மா): அக்கா, என் மகளின் பாண்டு ஆசிரியரை 'ஃபை பீட்டா மு' கௌரவிக்கப் போகிறது, நீங்களும் வாருங்கள் என்று அழைப்பு வந்திருக்கிறது. பெயரைப் பார்த்தால் சினிமாவில் வரும் பீர் பார்ட்டிக் கூட்டம் மாதிரி இருக்கிறதே. போகலாமா?

பதில்: கட்டாயம் போங்கள், பூங்கொத்தோடு போங்கள். இது மாணவர் சங்கமே இல்லை. பாண்டு நடத்தும் ஆசிரியர்களுக்காக 1937-ல் டெக்சாஸில் கர்னல் ஏர்ல் அயர்ன்ஸ் தொடங்கியது. அவர் டிரம்பெட் மாதிரியான கார்னெட் வாசித்தவர். அவர் எழுதி வைத்த உதட்டுப் பயிற்சிகளை டிரம்பெட் பிள்ளைகள் இன்றும் முனகிக்கொண்டே வாசிக்கிறார்கள். இந்தச் சங்கத்தில் விண்ணப்பம் போட்டுச் சேர முடியாது. ஏற்கெனவே உள்ளே இருக்கும் ஆசிரியர்கள் பார்த்து அழைக்க வேண்டும்.

இதன் டெக்சாஸ் கிளைதான் 'டெக்சாஸ் பாண்டு மாஸ்டர்ஸ் ஹால் ஆஃப் ஃபேம்' என்ற கௌரவத்தையும் நடத்துகிறது. ஜூலை மாதம் சான் அன்டோனியோவில் பாண்டு ஆசிரியர்கள் மாநாடு நடக்கும்போது பெயர் சேர்ப்பார்கள். அந்தப் பட்டியலைக் கச்சேரி கேட்கும் ஒருவரிடம் காட்டினால் ஒரு பெயர்கூடத் தெரியாது. சின்ன ஊர்ப் பள்ளிகளில், ஆறாம் வகுப்புப் பிள்ளை முதல் தடவை ஊதும்போது வரும் அந்த அலறலைப் பல்லாண்டுகள் பொறுமையாகக் கேட்டவர்கள் அவர்கள். அதே வேலையைச் செய்கிறவர்கள் கூடி 'இவர் நன்றாகச் செய்தார்' என்று சொல்வதால் எனக்கு இதில் தனி மரியாதை உண்டு. பத்திரிகை விமர்சகர் தரும் பாராட்டைவிட இது ஒரு படி மேல் என்பேன்.

கேள்வி (சியாட்டில்): எத்தனை சங்கங்கள்தான் இருக்கின்றன? எல்லாம் ஒன்றுதானா?

பதில்: ஒன்று இல்லை. பெரியவற்றை மட்டும் சொல்கிறேன்.

மூத்தது ஃபை மு ஆல்ஃபா சின்ஃபோனியா. 1898 அக்டோபர் 6-ம் தேதி பாஸ்டனில் நியூ இங்கிலாந்து கன்சர்வேட்டரியில் தொடங்கியது. அதைத் தொடங்கிய ஆசியன் மில்ஸ் (Ossian Mills) என்பவர் அங்கே இசைப் பேராசிரியர் அல்ல. கட்டணக் கணக்கு பார்த்த அலுவலர்! வீட்டை விட்டு வந்து படிக்கும் பையன்களை ஒன்றாக உட்கார வைத்துப் பேச வைத்ததுதான் ஆரம்பம். பண்டிகை நாட்களில் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு பாஸ்டன் மருத்துவமனைகளுக்குப் போய்ப் பாட வைப்பது அவர் வழக்கம். அது இன்றும் அவர் பெயரிலேயே தொடர்கிறது: உறுப்பினர்கள் மருத்துவமனைக்கும் முதியோர் இல்லத்துக்கும் போய்ப் பாடிவிட்டு வருகிறார்கள். இந்தச் சங்கங்களைப் பற்றி யாராவது கேலி பேசினால் நான் முதலில் எடுத்துச் சொல்வது இதைத்தான்.

1903-ல் இரண்டு பிறந்தன. மிச்சிகனின் ஆன் ஆர்பரில் சிக்மா ஆல்ஃபா அயோட்டா, சின்சினாட்டியில் எங்கள் மு ஃபை எப்சிலான். அப்போது இரண்டும் பெண்களுக்கானவை. பாண்டுக்காரர்களுக்குத் தனியாக 1919-ல் ஓக்லஹோமாவில் கப்பா கப்பா சை, 1946-ல் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தில் அதன் சகோதரி அமைப்பாக டௌ பீட்டா சிக்மா. இவ்விரண்டும் கல்லூரிப் பாண்டுக்குச் சேவை செய்யத்தான் இருக்கின்றன. நாற்காலி போடுவதிலிருந்து சீருடையைச் சரிபார்ப்பது வரை எல்லாம் அவர்கள் தலையில்தான். இரண்டின் தலைமையகமும் ஓக்லஹோமாவின் ஸ்டில்வாட்டரில் ஒரு பழைய ரயில் நிலையக் கட்டடம். அந்தப் பக்கம் போனால் பார்த்துவிட்டு வாருங்கள்.

கேள்வி (திருச்சியிலிருந்து, மிருதங்க மாணவர்): சேர்த்துக்கொள்வது வேறு, கௌரவிப்பது வேறா? நம் ஊர் சங்கீத கலாநிதி மாதிரி இதை எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: நல்ல கேள்வி தம்பி. வேறுதான். மாணவராகச் சேர்பவர் உழைக்கச் சேர்கிறார். சந்தா கட்டுகிறார், கூட்டத்துக்குப் போகிறார். ஏற்கெனவே சாதித்த ஒருவரைக் கௌரவ உறுப்பினராக அழைப்பது இன்னொரு வழி. சிக்மா ஆல்ஃபா அயோட்டாவில் புகழ்பெற்ற பெண் இசைக் கலைஞர்களுக்கு அப்படி ஒரு கௌரவ உறுப்பினர் நிலை உண்டு. வாசிக்கத் தெரியாவிட்டாலும் கலைக்குத் தோள் கொடுப்பவர்களுக்கு 'கலைகளின் நண்பர்' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். மூன்றாவது வழி, உள்ளே வந்து பிறகு வளர்ந்தவர்களைச் சங்கமே தேடிப் பாராட்டுவது. எங்கள் மு ஃபை எப்சிலானில் இதை 'ஆக்மி' என்பார்கள். நிகழ்த்துகலைஞர், இசையமைப்பாளர், இசை ஆய்வாளர், ஆசிரியர் என்று நான்கு வகையினரும் ஒரே பட்டியலில் வருவார்கள்.

சங்கீத கலாநிதியோடு ஒப்பிட்டால், மியூசிக் அகாடமியில் அது பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருவருக்குத்தான். அவரே மாநாட்டுக்குத் தலைமை வகிப்பார், ஜனவரி முதல் தேதி சதஸில் பட்டம் வாங்குவார். அதனால்தான் யாருக்கு என்று டிசம்பருக்குப் பல மாதம் முன்பே ஊரே பேசுகிறது. சொல்லிக் கொடுப்பவர்களுக்கு அகாடமி 1993-லிருந்து சங்கீத கலா ஆசார்யா என்று தனி விருது தருகிறது. நல்ல விஷயம்தான். ஆனாலும் பேச்செல்லாம் கலாநிதியைச் சுற்றியேதான் இருக்கிறது, இல்லையா? எங்கள் ஆக்மியில் மேடையில் வாசிப்பவருக்கும் வகுப்பில் சொல்லித் தருபவருக்கும் ஒரே பட்டியல், ஒரே எடை என்பதுதான் எனக்குப் பிடித்தது. நான் டீச்சர், அதனால் அப்படித்தான் சொல்வேன் என்றாலும் சரி.

கேள்வி (சிகாகோவிலிருந்து ஒரு அப்பா): பையன் கல்லூரியில் செல்லோ படிக்கிறான், கடைசி வருடம். பை கப்பா லாம்டா என்று ஒரு கடிதம் வந்தது. பணம் பறிக்கும் வேலையோ என்று சந்தேகம்.

பதில்: வாழ்த்துகள் சார். அது ஃபிரட்டர்னிட்டி அல்ல, மதிப்பெண்ணும் இசைத் திறமையும் பார்த்துச் சேர்க்கும் கௌரவச் சங்கம். 1918-ல் உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. கடைசி வருட மாணவர்களில் முதல் ஐந்தில் ஒரு பங்குக்குள் இருந்தால்தான் பேராசிரியர்கள் தேர்ந்தெடுப்பார்கள். ஒரு முறை கட்டணம் கட்டச் சொல்வது சகஜம். சந்தேகம் தீர ஒரே வழி, கடிதத்தில் இருக்கும் இணைப்பைத் தொடாமல் இசைத் துறை அலுவலகத்துக்கே போன் போட்டுக் கேட்பது. கல்லூரியில் கிளையோ பொறுப்பாசிரியரோ இல்லாமல், 'உங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டோம், பணம் அனுப்புங்கள்' என்று மட்டும் வந்தால் அதைக் குப்பையில் போடுங்கள்.

கேள்வி (நியூ ஜெர்சி): மகள் பத்தாம் வகுப்பு, வயலின். இப்போதே ஏதாவது சங்கத்தில் சேர முடியுமா? கல்லூரி விண்ணப்பத்துக்கு உதவுமா?

பதில்: டிரை-எம் என்று பள்ளி மாணவர்களுக்கு ஒன்று இருக்கிறது. 1936-ல் இல்லினாயில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் ஹார்லி தம்பதியர் தொடங்கியது; இப்போது தேசிய இசைக் கல்விச் சங்கம் நடத்துகிறது. பள்ளியில் கிளை இல்லையென்றால் இசை ஆசிரியரிடம் கேட்டுத் தொடங்கலாம். விண்ணப்பத்தில் வெறும் பெயராக எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கிளையில் சேர்ந்து சின்னப் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக் கொடுத்தாள் என்றால் அது எழுதத் தகுந்த விஷயம்.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர்): ராகிங் இருக்குமா?

பதில்: எல்லாச் சங்கங்களும் எழுத்தில் தடை செய்திருக்கின்றன. ஆனால் எழுத்தை மட்டும் நம்பச் சொல்ல மாட்டேன். 2011-ல் பிளோரிடா ஏ அண்ட் எம் பல்கலைக்கழகப் பாண்டில் ஒரு மாணவரைப் பேருந்துக்குள் வைத்து அடித்ததில் அவர் இறந்தே போனார். அது பாண்டுக்குள் நடந்தது. ஆனால் 'அடி வாங்கினால்தான் நீ எங்கள் ஆள்' என்ற மனநிலை எந்தக் கூட்டத்துக்குள்ளும் நுழையலாம். தமிழ்நாட்டில் 1997-லேயே ராகிங் தடைச் சட்டம் வரக் காரணமான மருத்துவ மாணவர் நாவரசு கொலை நம் தலைமுறைக்கு நினைவிருக்கும். பிள்ளை கூப்பிட்டு 'நடுராத்திரியில் வரச் சொல்கிறார்கள், யாரிடமும் சொல்லக் கூடாதாம்' என்றால், இது வழக்கமான சடங்குதான் என்று விட்டுவிடாதீர்கள். பொறுப்பாசிரியரை உடனே கூப்பிடுங்கள். அவர் மழுப்பினால் டீன் அலுவலகம்.

கேள்வி (ஆஸ்டின்): சகோதரச் சங்கம் என்கிறார்கள், பெண்கள் சேரலாமா?

பதில்: சின்ஃபோனியா இன்றும் ஆண்களுக்கு, சிக்மா ஆல்ஃபா அயோட்டா பெண்களுக்கு. 1972-ல் கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் வந்த பிறகு மற்றவை திறந்துவிட்டன. மு ஃபை எப்சிலானும் கப்பா கப்பா சையும் 1977-ல் எதிர்ப்பாலரைச் சேர்த்துக்கொண்டன.

கேள்வி (கிளீவ்லாந்து): கர்நாடக இசைக்காரர்களை இவர்கள் கண்டுகொள்வதே இல்லையே?

பதில்: இந்தச் சங்கங்கள் கல்லூரி இசைத் துறைகளிலிருந்து முளைத்தவை. அந்தத் துறைகளில் நம் இசை இருக்கும் இடம் குறைவு, அதனால் அழைப்பும் குறைவு. நம்மவர்களுக்கு இங்கே மரியாதை வேறு வாசல் வழியாக வந்தது. வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் சொல்லிக் கொடுத்த புல்லாங்குழல் வித்வான் டி. விஸ்வநாதனுக்கு 1992-ல் அமெரிக்க அரசின் தேசியப் பாரம்பரிய விருது கிடைத்தது. உங்கள் ஊர் தியாகராஜர் ஆராதனையும் 1978-லிருந்து நடக்கிறது. அங்கேயும் பட்டங்கள் கொடுக்கிறார்கள். ஆனால் வார இறுதியில் வீட்டு அடித்தளத்தில் இருபது பிள்ளைகளுக்கு சரளி வரிசை சொல்லித் தரும் டீச்சரை எந்தச் சங்கமும் பார்ப்பதில்லை. நம் தமிழ்ச் சங்கங்களே பொங்கல் விழாவில் ஒரு சினிமாப் பாடகருக்குக் கொடுக்கும் பணத்தில் கொஞ்சம் ஒதுக்கி, இப்படிப்பட்ட டீச்சர்களைக் கௌரவிக்கத் தொடங்கலாம்.

கேள்வி (ஃபிரிஸ்கோ அம்மாவே மறுபடியும்): அக்கா, விழாவுக்குப் பட்டுப்புடவை கட்டலாமா? சடங்கையும் பார்க்க விடுவார்களா?

பதில்: தாராளமாகக் கட்டுங்கள். உறுப்பினராகச் சேர்க்கும் சடங்கு மட்டும் பெரும்பாலும் உறுப்பினர்களுக்குள் நடக்கும், குடும்பத்தை உள்ளே விடமாட்டார்கள். உங்களுக்கு வந்தது கௌரவிக்கும் விழாவுக்கான அழைப்பு. பேச்சு, சாப்பாடு, பழைய மாணவர்கள் என்று இருக்கும். மகளை ஆசிரியருக்கு ஒரு கடிதம் கையால் எழுதி எடுத்துவரச் சொல்லுங்கள்.