ஆம்பூர் சம்பளம், பெங்களூர் விலை: பத்திர எழுத்தர் பதில்கள்

கேள்வி: என் மகள் ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறாள். பிடித்தம் போக மாதம் 12,000 ரூபாய் கைக்கு வருகிறது. மருமகன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அணைக்கட்டு ரோட்டில் 1,200 சதுர அடி மனை, அடி 700 ரூபாய், தவணையில் தருகிறோம் என்று ஒரு புரோக்கர் நடையாய் நடக்கிறார். வாங்கிப் போடலாமா ஐயா?
– வாசகி, பள்ளிகொண்டா

பதில்: முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம் அம்மா. மனை விலை 8,40,000. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று 75,600 ரூபாய் ஆகும். மகள் பேரில் மட்டும் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறையும். 10 லட்சத்துக்கு உட்பட்ட சொத்தைப் பெண்கள் பேரில் பதிந்தால் இந்தச் சலுகை, 2025 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. 8,400 ரூபாய் மிச்சம். மருமகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் பரவாயில்லை, மகள் பேரிலேயே எழுதுங்கள்.

மனை மட்டும் இருந்தால் குடியிருக்க முடியுமா? இந்தப் பக்கத்து மேஸ்திரிகள் சதுர அடிக்கு 2,000-க்குக் கீழே பேச்சே எடுப்பதில்லை. 400 சதுர அடியில் ஒரு ஹால், ஒரு ரூம், சமையல்கட்டு என்றாலும் 8 லட்சம். எல்லாம் சேர்ந்து 17 லட்சத்தைத் தொடும். மகள் ஒரு டீகூடக் குடிக்காமல் முழுச் சம்பளத்தையும் எடுத்து வைத்தாலும் பன்னிரண்டு வருஷம்.

ஏன் இந்த விலை என்று என் மேஜைக்கு முன்னால் உட்காருகிறவர்களைப் பார்த்தாலே தெரியும். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மகனுக்காக வாங்கும் அப்பா, பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர், வேலூரில் லாட்ஜ் வைத்திருப்பவர். ஷூ கம்பெனிச் சம்பளத்தில் மனை வாங்க வருகிறவர் அபூர்வம். அப்படி வந்தாலும் பின்னால் ஒரு நகைக்கடன் ரசீது ஒளிந்திருக்கும்.

இதில் லாட்ஜ் கதை தனி. 1900-ல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைப் படுக்கையோடு ஆரம்பித்த வைத்தியம்தான் இன்றைய வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி. மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வங்கதேசத்தில் இருந்தெல்லாம் நோயாளிகள் குடும்பத்தோடு வந்து வாரக்கணக்கில் தங்குகிறார்கள். தின வாடகைக்கு ரூம் விட்டுப் பழகிய வீட்டுக்காரர் மாத வாடகைக்குக் குடும்பம் வைப்பாரா? ஆஸ்பத்திரியைச் சுற்றிக் குடியிருந்தவர்கள் பாகாயம், அரியூர் என்று நகர்ந்தார்கள். 2007-ல் திருமலைக்கோடியில் பொற்கோவில் வந்ததும் அங்கேயும் விலை ஏறியது. அந்த அலைதான் இப்போது உங்கள் அணைக்கட்டு ரோட்டில் நிற்கிறது. ஆஸ்பத்திரியால் ஊருக்கு வருமானம் இல்லை என்று சொல்ல மாட்டேன். மெஸ், மருந்துக்கடை, ஆட்டோ என்று எத்தனையோ வீட்டில் அதனால்தான் உலை கொதிக்கிறது. வருமானம் டவுனில் தங்குகிறது, விலை மட்டும் கிராமம் வரை போகிறது, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் பாருங்கள். வேர்க்கடலை போட்ட கொல்லையில் கல் நட்டு ‘நகர்’ என்று வளைவு கட்டிவிட்டார்கள். களை எடுக்கப் போன பெண்களுக்கு அந்தக் கூலி போயிற்று. மனை வாங்கியவர் யாரும் குடிவரவில்லை, அதனால் மளிகைக் கடையும் இல்லை, பஸ்ஸும் இல்லை. சீமைக் கருவேல மரம்தான் செழிப்பாக இருக்கிறது. கூலி போன பெண்களின் மகள்கள்தான் விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். உங்கள் மகளும் அதில் ஒருத்தி.

என் யோசனை: இப்போது வாங்க வேண்டாம். உங்களுக்கோ சம்பந்திக்கோ ஊருக்குள் நத்தம் (குடியிருப்பு நிலம்) பட்டாவில் ஒன்றரை சென்ட் கிடந்தாலும் போதும், 650 சதுர அடி இருக்கும். அதில் கட்டச் சொல்லுங்கள். 2,500 சதுர அடி வரை உள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்ட, சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி வாங்கும் வசதி 2024 ஜூலையில் வந்திருக்கிறது.

இல்லை, வாங்கித்தான் ஆவேன் என்றால், புரோக்கரிடம் ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்ற பேச்சே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறை ஒப்புதல் வேண்டும். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தடை போட்டது. பிறகு அப்படிப்பட்ட மனைகளை முறைப்படுத்த வந்த வரன்முறைத் திட்டமும் 2016 அக்டோபர் 20-க்கு முன் போட்ட மனைகளுக்குத்தான். மொத்தப் பரப்பு 500 சதுர மீட்டரைத் தாண்டினால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணும் இருக்க வேண்டும். நோட்டீஸில் எண் இல்லையென்றால் அதை மடித்து வேறு எதற்காவது பயன்படுத்துங்கள்.

கேள்வி: குடியாத்தத்தில் வாடகை வீட்டுக்குப் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள். இன்னொருவர், 3 லட்சம் போக்கியம் கொடுத்தால் மூன்று வருஷம் வாடகையே வேண்டாம் என்கிறார். எது நல்லது?
– கைத்தறி நெசவாளர், குடியாத்தம்

பதில்: 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தில் முன்பணம் மூன்று மாத வாடகை என்றுதான் இருக்கிறது. ஆனால் நீங்களே வேறு விதமாக ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் அதற்கும் அந்தச் சட்டத்தில் இடம் உண்டு. ஆகவே பேரம் பேசிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

போக்கியம், அதாவது மொத்தப் பணத்தைக் கொடுத்துக் குடியிருந்துவிட்டுக் கடைசியில் அதைத் திரும்ப வாங்கிக்கொள்வது, நம் பக்கத்தில் பழைய பழக்கம், கையில் மொத்தப் பணம் இருந்தால் லாபம்தான். சிக்கல் எழுத்தில் இருக்கிறது. நூறு ரூபாய்க்குமேல் அடமானம் என்றால் பதிவு செய்தாக வேண்டும், போக்கியமும் ஒரு அடமானம்தான். ஆனால் முக்கால்வாசிப் பேர் 20 ரூபாய் பத்திரத்தில் நாலு வரி எழுதிப் பையில் வைத்துக்கொள்கிறார்கள். அந்த வீடு ஏற்கெனவே பேங்கில் அடமானமாக இருந்தால் 3 லட்சத்துக்கு யார் பொறுப்பு? பணம் கொடுக்கும் முன் வில்லங்கச் சான்று (வீட்டின் மேல் பதிவான அடமானம் இருக்கிறதா என்று காட்டுவது) போட்டுப் பாருங்கள், ஆன்லைனிலேயே கிடைக்கிறது. சீட்டு எடுத்த பணம் என்றால் இன்னும் கவனம். தறி ஓடாத மாதத்திலும் சீட்டுத் தவணை நிற்காது.

கேள்வி: பாலாற்றில் தண்ணீர் வந்தால் கரையோர மனை விலை ஏறுமா?
– வாசகர், விரிஞ்சிபுரம்

பதில்: 2021 நவம்பரில் வந்தது, கரைபுரண்டே வந்தது. அந்த வாரம் கரையோரத்தில் யாரும் விலை கேட்கவில்லை, படகுதான் கேட்டார்கள்.

கேள்வி: ஓலைக் குடிசையில் இருக்கிறோம். அரசின் ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டத்தில் வீடு கேட்டால் பட்டா எங்கே என்கிறார்கள். நாங்கள் இருப்பது புறம்போக்கு.
– வாசகி, ஒடுகத்தூர்

பதில்: அந்தத் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் தருகிறார்கள். ஆனால் இடம் உங்களுடையதாக இருக்க வேண்டும், சிக்கல் அங்கேதான். என்ன புறம்போக்கு என்று முதலில் வி.ஏ.ஓ.விடம் கேளுங்கள். ஏரி, ஓடை, வாய்க்கால் என்றால் அந்த இடத்துக்குப் பட்டா கிடைக்காது. தாசில்தாரிடம் வேறு இடத்தில் இலவச வீட்டுமனைப் பட்டா கேட்டு மனு கொடுங்கள், ஒப்புகைச் சீட்டைத் தொலைக்காதீர்கள். அடுத்த கிராம சபையில் எழுந்து கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள், உங்கள் வரிசையில் இருக்கும் எல்லாக் குடிசைக்காரர்களையும் கூட்டிப் போங்கள். நாலு பேர் சேர்ந்து கேட்டால்தான் தீர்மானப் புத்தகத்தில் ஏறும்.

கேள்வி: பனப்பாக்கத்தில் டாடா கார் ஆலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். ஓய்வுக்கால பணம் 12 லட்சம் இருக்கிறது. அங்கே மனை வாங்கிப் போடட்டுமா?
– வாசகர், நெமிலி

பதில்: 9,000 கோடி ரூபாய் ஆலை என்று பேப்பரில் படித்த அன்றைக்கே புரோக்கர்களும் படித்துவிட்டார்கள். லாபத்தில் பாதியை இன்றைய விலையிலேயே சேர்த்துத்தான் சொல்வார்கள். நீங்கள் நெமிலிக்காரர், சொந்த வீடும் இருக்கும் என்று நினைக்கிறேன். மாடியில் இரண்டு போர்ஷன் போட்டு வாடகைக்கு விடுங்கள். ஆலைக்கு வரும் பிள்ளைகளுக்கு வேண்டியது படுக்க ஓர் இடம், அதற்குத்தான் இந்தப் பக்கத்தில் பஞ்சம். மாதா மாதம் உங்களுக்கும் வருமானம், அவர்கள் சாப்பிடும் மெஸ்ஸுக்கும் வருமானம். தண்ணீர்த் தொட்டியை மட்டும் பெரிதாகக் கட்டுங்கள். ஷிப்ட் முடிந்தால் எல்லோரும் ஒரே நேரத்தில்தான் குளிப்பார்கள்.